ஜெர்மனியின் பழைய வீடுகள்: ஜன்னலும் முகப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ஜெர்மன் பாணி வீடு’ என்று ஒன்று உண்டா?

இல்லை. காலண்டர் படத்தில் வரும் கருப்பு மரச்சட்ட வீடு நாட்டின் ஒரு பகுதிதான். வட கடலோரத்தில் செங்கல் சுவரும் நாணல் கூரையும். நடுப்பகுதியில் மரச்சட்டமும் களிமண்ணும். மேற்கே மழை கொட்டும் பெர்கிஷெஸ் லாண்ட் பக்கம் சுவர் முழுக்க ஸ்லேட் கல். கிழக்கே ஓபர்லவுசிட்ஸில் கீழே கட்டை அடுக்கிய அறை, மேலே மரச்சட்டம். தெற்கே மேல் பவேரியாவில் சுண்ணாம்புச் சுவரில் ஓவியம். பக்கத்துக் காட்டிலும் குவாரியிலும் என்ன கிடைத்தது, மழை எந்தத் திசையிலிருந்து அடித்தது, இவைதான் முகப்பைத் தீர்மானித்தன. அலங்காரம் போலத் தெரியும் பலவும் தண்ணீரை ஒதுக்க வந்தவை.

சுவரில் தெரியும் குறுக்கு மரங்கள் அழகுக்கு வைத்தவையா?

பெரும்பாலும் இல்லை. ஃபாக்வெர்க் எனப்படும் மரச்சட்ட வீட்டில் அடியில் ஒரு விட்டம் கிடக்கும், அதன்மேல் தூண்கள், தூண்களின் தலையில் இன்னொரு விட்டம். பாரம் முழுவதும் இந்தச் சட்டத்தில்தான். இடையிலுள்ள கட்டத்துக்கு ‘கெஃபாக்’ என்று பெயர். அதை நிரப்பும் களிமண்ணோ செங்கல்லோ வெறும் அடைப்பு. காற்றில் சட்டம் சாயாமலிருக்கக் கொடுத்த முட்டுகள்தான் கோலமாகத் தெரிகின்றன. தூணின் இருபுறமும் கீழே நீளமான இரண்டு முட்டு, மேலே குட்டையாக இரண்டு வைத்தால் கையைக் காலைப் பரப்பி நிற்கும் ஆள் மாதிரி இருக்கும். அதை ‘வில்டர் மான்’, அதாவது காட்டு மனிதன் என்பார்கள். நடுப்பகுதியிலும் தெற்கிலும் இது அதிகம்.

ஜன்னலுக்குக் கீழேயுள்ள சின்னக் கட்டத்தில் மட்டும் வளைவும் பெருக்கல் குறியுமாக இருந்தால் அது பெரும்பாலும் வீட்டுக்காரரின் பவிசு. அடிவிட்டத்திலிருந்து தூணுக்கு ஏறி, மர ஆணி அடித்து இறுக்கிய சாய்வுக் கட்டை என்றால் அது வேலை செய்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைப் பெரிதாக்கிய வீடுகளில் சில ஆண்டுகளில் கதவு இழுபடத் தொடங்கும்.

ஜன்னல்கள் ஏன் சின்னச் சின்னதாக, ஒட்டி ஒட்டி இருக்கின்றன?

ஜன்னல் அகலத்தைத் தூண்தான் நிர்ணயிக்கிறது. வடக்கே லோயர் சாக்சனிப் பக்கம் தூண்கள் நெருக்கமாக, ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒன்றாக நிற்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு ஜன்னல். தென்மேற்கில் அலெமான்னிய முறையில் தூண்களுக்கு இடையே அகலம் அதிகம். அங்கே முன்னறையின் மூலையில் இருபக்கமும் ஜன்னல்களை வரிசையாகக் கோர்த்துவிடுவார்கள். பிளாக் ஃபாரஸ்ட் பண்ணை வீட்டிலும் இதே ஜன்னல் வரிசை உண்டு. குட்டாக் ஊரின் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1612இல் கட்டிய ஃபோக்ட்ஸ்பவுவர்ன்ஹோஃப் அதற்கு நல்ல உதாரணம். அந்த வீட்டின் பெரிய கூரை இறவாரம் ஜன்னலுக்கே குடை பிடிக்கிறது.

இன்னொரு காரணம் கண்ணாடி. பெரிய தகடு செய்யத் தெரியாத காலத்தில் கைக்கு வந்தது ஊதிச் செய்த சின்ன வட்டங்கள். நடுவில் தடித்திருக்கும் அவற்றை ஈயப் பட்டையில் கோர்த்தார்கள். பூட்சன்ஷைபன் என்பது இதுதான். பிறகு உருளையாக ஊதி, வெட்டி விரித்த கண்ணாடி வந்தது. அதையும் மரக்குறுக்குச் சட்டத்தால் பிரித்தே பொருத்தினார்கள். பழைய கண்ணாடியில் எதிர்வீடு நெளிந்து தெரிவது குறையல்ல. உடைக்காமல் காப்பாற்ற வேண்டிய பொருள் அது.

மேல்மாடி ஏன் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது?

மேல்தள உத்தரங்களைச் சுவருக்கு வெளியே நீட்டி, அவற்றின் தலையில் அடுத்த மாடியின் அடிவிட்டத்தை வைத்தால் அப்படி வரும். கீழ்ச்சுவர் மழையில் நனையாது. மேலே இடமும் கூடும். உத்தரத் தலைகளில் செதுக்கலும், அடிவிட்டத்தில் விசிறி வடிவ ரோஜாக்களும் இருப்பதை கோஸ்லார், குவெட்லின்பூர்க், செல்லெ ஆகிய ஊர்களில் பார்க்கலாம். இரண்டாயிரத்துக்கும் மேல் மரச்சட்ட வீடுகள் உள்ள குவெட்லின்பூர்க் 1994 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

கருப்பு மரம், வெள்ளைச் சுவர்: இதுதான் அசல் நிறமா?

பல வீடுகளில் இல்லை. கருப்பு வெள்ளை பெருமளவு 19, 20ஆம் நூற்றாண்டின் ரசனை. அதற்கு முன் இரும்பு ஆக்சைடு சிவப்பு, மஞ்சள் காவி, சாம்பல் எல்லாம் சாதாரணம். மாட்டு ரத்தச் சிவப்பு என்று சொல்லப்படும் நிறமும் பெரும்பாலும் காவி மண்தான். பழைய பெயின்டரின் தந்திரம் ஒன்று கவனிக்கத்தக்கது: மரத்தின் நிறத்தை விளிம்பைத் தாண்டிச் சுவரிலும் ஓரிரு செ.மீ. இழுத்து, அங்கே நேராக ஒரு கோடு போடுவார். வளைந்து நெளிந்த மரம் அதனால் நேராகத் தெரியும். வீட்டின் உண்மை நிறம் வேண்டுமென்றால் இறவாரத்துக்கு அடியில், மழை படாத இடத்தில் சிறு கத்தியால் அடுக்கடுக்காகச் சுரண்டிப் பாருங்கள்.

பூச்சை உரித்து மரத்தை வெளியே காட்டலாமா?

அவசரப்பட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டிலிருந்து பல மரச்சட்ட வீடுகள் முதலிலேயே பூசி மறைப்பதற்கென்றே கட்டப்பட்டன. அவற்றின் மரம் மெலிந்தது, கோணல்மாணலானது, பழைய மரத்தை மறுபடி பயன்படுத்தியது. அதை உரித்தால் மழை நேராக ஏறும். எப்படிக் கண்டுபிடிப்பது? ஜன்னல் நிலை மரத்தின் மட்டத்தைவிட இரண்டு மூன்று செ.மீ. முன்னே நின்றால், அது பூச்சின் கனத்தைக் கணக்கிட்டு வைத்தது. மரத்தில் செதுக்கலோ பழைய நிறமோ இருந்து, அதன்மேல் கோடாலிக் கொத்துகள் தெரிந்தால், வெளியே தெரிந்த மரத்தைப் பின்னாளில் பூச்சு பிடிப்பதற்காகக் கொத்தியிருக்கிறார்கள். முதல் வகையைத் தொடாதீர்கள். இரண்டாவதை யோசிக்கலாம், அதுவும் மழை அடிக்காத பக்கத்தில்.

கட்டங்களுக்குள் பூச்சு எப்படிச் செய்வது? சிமென்ட் ஏன் கூடாது?

இந்த வீடுகள் கெட்டதில் பெரும்பகுதி இங்கேதான்.

பழைய அடைப்பு படல் முறை. தூணுக்கு இடையே ஓக் பிளாச்சுகளை நிறுத்தி, வில்லோக் குச்சி பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை இருபுறமும் அப்புவார்கள். மேலே சுண்ணாம்புச் சாந்து. மரம் கோடையில் சுருங்கும், மழையில் பருக்கும். அதனால் மரத்துக்கும் பூச்சுக்கும் இடையே மயிரிழை விரிசல் எப்போதும் இருக்கும். அதை ஒழிக்க முடியாது. உள்ளே போன ஈரத்தைக் களிமண் உறிஞ்சி, சுண்ணாம்பு வழியாக வெளியே விடும். களிமண்ணில் பதிந்த மரம் அதனால்தான் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது. சிமென்ட் பூசினால் விரிசல் வழியே தண்ணீர் போகும், வெளியே வர வழியில்லை. ஓக் மரமே பத்திருபது ஆண்டில் பின்பக்கம் பஞ்சு போலாகும். முன்பக்கம் பெயின்ட் பளபளக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். விரிசலில் சிலிக்கான் அடைப்பதும் இதே கேடுதான்: ஒரு பக்கம் பிடி விட்டதும் அது தண்ணீரை ஏந்தும் வாய்க்கால் ஆகிறது.

செய்யும் முறை: தூணின் பக்கவாட்டில், நடுவில், முக்கோண ரீப்பர் ஒன்றை ஆணியடிக்க வேண்டும். அடைப்பு முன்னும் பின்னும் நழுவாமல் அது பிடிக்கும். களிமண் கல்லைக் களிமண் சாந்திலேயே கட்டி, வெளிமுகத்தை மர மட்டத்திலிருந்து 15 முதல் 20 மி.மீ. உள்ளே தள்ளி நிறுத்துங்கள். நன்றாகக் காய விடுங்கள். பிறகு தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புச் சாந்தை இரண்டு கையாகப் பூசி மர மட்டத்தில் முடியுங்கள். ஈரமாக இருக்கும்போதே மர ஓரமாகக் கரண்டியால் ஒரு வெட்டு போட வேண்டும். விரிசல் தாறுமாறாகப் போகாமல் அந்தக் கோட்டோடு நிற்கும். பூச்சு மரத்தைவிடத் தலையணை மாதிரி உப்பினாலும் தப்பு, உள்ளே குழிந்தாலும் தப்பு: குழிந்தால் கீழ்க்கட்டையின் மேல்விளிம்பில் தண்ணீர் தேங்கும். உறைபனிக்கு முன் சுண்ணாம்பு இறுகப் பல வாரம் தேவை. ஆகவே மே முதல் ஆகஸ்ட் வரைதான் இந்த வேலைக்கு நேரம்.

அடிவிட்டத்தைத் தனியாகக் கவனியுங்கள். தரையிலிருந்து 30 செ.மீ.க்குள் இருந்தால் மழைத்துளி தெறித்தே அழுகும். வீட்டோரம் தளம் போட்டு மண்மட்டத்தை உயர்த்தியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வடக்கே ஜன்னல் வெளிப்பக்கமாகத் திறப்பது ஏன்?

கடற்காற்று அடிக்கும்போது ஜன்னல் கதவை நிலையோடு சேர்த்து அழுத்தும். உள்ளே திறக்கும் ஜன்னலில் அதே காற்று கதவைத் தள்ளி இடைவெளி உண்டாக்கும். அதனால் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், ஹாம்பர்க் பக்கத்துப் பழைய ஜன்னல்கள் சுவர் முகத்தோடு சமமாக நின்று வெளியே திறக்கும். இதற்கு விலை உண்டு. திறந்தபடி விட்டால் கொக்கி கட்டாயம். இல்லாவிட்டால் ஒரே அடியில் கீல் பிய்ந்துவிடும். கதவு வீசுவதற்கு வெளியே இடம் வேண்டியிருப்பதால் ஷட்டர், அதாவது ஜன்னலை வெளியிலிருந்து மூடும் பலகைக் கதவு, மாட்டவும் தோதில்லை.

இரண்டு ஜன்னல் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கிறதே, எதற்கு?

அது காஸ்டன்ஃபென்ஸ்டர், பெட்டி ஜன்னல். வெளியே ஒரு ஜோடிக் கதவு, 10 முதல் 15 செ.மீ. இடைவெளி, உள்ளே இன்னொரு ஜோடி. நடுவில் நிற்கும் காற்றுதான் குளிருக்குப் போர்வை. இதற்கு முன்னோடி குளிர்கால ஜன்னல்: அக்டோபரில் வெளியே மாட்டி, வசந்தத்தில் கழற்றிப் பரணில் வைப்பார்கள். இடம் மாறாமலிருக்க ஒவ்வொன்றிலும் எண் வெட்டியிருக்கும். பழைய வீட்டின் பரணில் எண் போட்ட சட்டங்கள் கிடந்தால் விறகாக்கிவிடாதீர்கள்.

பெட்டி ஜன்னலில் பனித்துளி படிகிறது. எங்கே தவறு?

எந்தக் கண்ணாடியில் என்று பாருங்கள். வெளிக்கண்ணாடியின் உட்பக்கம் வேர்த்தால், அறையின் ஈரக்காற்று உள்கதவு வழியாகக் கசிந்து குளிர்ந்த கண்ணாடியைத் தொடுகிறது. உள்கதவைத்தான் இறுக்க வேண்டும்: காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி மெல்லிய ரப்பர் உதடு பதிக்கலாம். வெளிக்கதவை அப்படியே விடுங்கள். உள்ளே வந்த ஈரம் அந்த வழியாகத்தான் போகும். பலர் மழைக்குப் பயந்து வெளிக்கதவை இறுக்கிவிடுகிறார்கள், ஒரே குளிர்காலத்தில் கீழ்க்கட்டை கருத்துவிடும். உள்கண்ணாடியின் அறைப்பக்கமே வேர்த்தால் ஜன்னல்மேல் பழி போடாதீர்கள். அறையில் ஈரம் அதிகம், காற்றோட்டம் போதவில்லை.

வெப்பம் போதவில்லை என்றால் வெளிக்கதவைத் தொடாமல், உள்கதவில் மட்டும் இரட்டைக் கண்ணாடி போடலாம். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியிருக்காது.

கண்ணாடி மக்கு உதிர்கிறது. எப்படி மாற்றுவது?

கண்ணாடியைச் சட்டத்தில் பிடிக்கும் பசைதான் மக்கு. பழைய மக்கு சுண்ணக்கட்டித் தூளும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தது. எடையில் ஏறத்தாழ ஆறு பங்கு தூளுக்கு ஒரு பங்கு எண்ணெய். கையில் ஒட்டாமல் சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வர வேண்டும்.

உளியால் குத்தி எடுத்தால் கண்ணாடி போய்விடும். அகச்சிவப்பு விளக்கால் மெதுவாகச் சூடாக்கினால் மக்கு இளகும். வெப்பக்காற்றுத் துப்பாக்கியை நேராகக் கண்ணாடிமேல் காட்டினால் ‘டிக்’ என்று விரிசல் ஓடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம்: உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், முகமூடி போடுங்கள், தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் எடுங்கள்.

கண்ணாடி உட்காரும் காடி சுத்தமானதும் ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள். தடவாவிட்டால் வறண்ட மரம் மக்கின் எண்ணெயைக் குடித்துவிடும், மக்கு தூளாகும். அடியில் மெல்லிய மக்குப் படுக்கை, அதில் கண்ணாடியை அழுத்தி, சின்ன ஆணிகளால் பிடித்து, மேலே சரிவாக மக்கு இழுங்கள். சரிவின் உச்சி உள்ளேயிருந்து பார்த்தால் மரவிளிம்புக்கு மேல் தெரியக் கூடாது. இரண்டு மூன்று வாரம் தோல் கட்டட்டும். பிறகு பெயின்ட். அதைக் கண்ணாடிமேலும் ஒன்றிரண்டு மி.மீ. ஏற்றி அடியுங்கள், அந்தக் கோடுதான் தண்ணீர் மக்குக்குப் பின்னால் போகாமல் தடுக்கிறது. அழகு கருதி ஒட்டுநாடா ஒட்டிக் கண்ணாடி விளிம்போடு முடித்தால் எல்லாம் வீண்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறும், துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள்.

ஜன்னல் கதவின் அடியில் துருத்தும் கட்டை எதற்கு?

வெட்டர்ஷென்கல் என்ற மழைக்கட்டை. கண்ணாடியில் வழியும் தண்ணீரை நிலைக்கு அப்பால் தள்ளிவிடும். குனிந்து அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், விரல்நகம் நுழையும் அளவுக்கு நீளவாக்கில் ஒரு காடி இருக்க வேண்டும். துளி அங்கே அறுந்து கீழே விழும். ஐம்பது ஆண்டு பெயின்ட் அந்தக் காடியை அடைத்துவிட்டால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து நிலைக்குள் போகும். ‘ஜன்னல் ஒழுகுகிறது, மாற்ற வேண்டும்’ என்ற முடிவுக்கு வருமுன் அந்தக் காடியைச் சுரண்டிப் பாருங்கள்.

புது ஜன்னலில் ஒட்டிய குறுக்குச் சட்டம் போதாதா?

போதாது என்பதே எங்கள் கருத்து. பழைய குறுக்குச் சட்டம் சுமார் 25 மி.மீ. அகலம், நிஜமாகவே கண்ணாடியைப் பிரிக்கும். ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேறு கோணத்தில் நிற்பதால் முகப்பில் வெளிச்சம் உடைந்து மினுங்கும். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே அலுமினியப் பட்டை வைத்தது தூரத்திலிருந்தே ஸ்டிக்கர் போலத் தெரிகிறது. இருபுறமும் மரப்பட்டை ஒட்டி, நடுவிலும் ஒரு பட்டை வைக்கும் ‘வீனர் ஷ்ப்ரோஸ்ஸ’ பரவாயில்லை ரகம்.

ஷட்டர்களை மூடுவதே இல்லை. கழற்றிவிடலாமா?

முகப்பு வழுக்கையாகிவிடும். ஜன்னல்களைச் சிறிதாக வைத்து, ஷட்டரையும் சேர்த்தே அளவு பார்த்துக் கட்டிய வீடு அது. மேலும் கோடையில் வெயிலை வெளியிலேயே நிறுத்துவது அதுதான், உள்ளே தொங்கும் திரை அல்ல. பலகையின் மேல்விளிம்பு வெட்டுமுகம் என்பதால் தண்ணீர் குடிக்கும். அங்கே தகரத் தொப்பி வைப்பது சின்னச் செலவு. காற்றில் அடிக்காமல் பிடிக்கும் சுவர்க்கொண்டியில் குட்டி மனிதத் தலை வார்த்திருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பவேரிய வீடுகளில் ஜன்னலைச் சுற்றி வரைந்திருப்பது என்ன?

லூஃப்டில்மலெரை என்ற சுவரோவியம். ஓபர்அம்மர்கவ், மிட்டன்வால்ட், கார்மிஷ் வட்டாரத்தில் அதிகம். வெறும் சதுரத் துளையாக இருக்கும் ஜன்னலுக்குத் தூண், வளைவு, மலர்மாலை எல்லாம் வர்ணத்திலேயே வந்துவிடும். கல்தச்சர் கூலி மிச்சம். ஃபிரான்ஸ் செராஃப் ட்ஸ்விங்க் (1748–1792) இதில் பெரிய கை. ஓபர்அம்மர்கவ் பிலாட்டுஸ் இல்லத்தின் சுவரில் அவர் 1784இல் வரைந்தார். ஈரச் சுண்ணாம்பில் வர்ணம் வைத்தால் சுண்ணாம்பு இறுகும்போது வர்ணத்தையும் பிடித்துக்கொள்ளும். அன்றன்று முடிக்கும் அளவுக்கே பூச வேண்டும். இதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துப் ‘புதுப்பித்தால்’, தோல் உரியும்போது ஓவியத்தையும் உரித்துக்கொண்டு போகும்.

சுவர் முழுக்க ஸ்லேட், வெள்ளை ஜன்னல், பச்சை ஷட்டர்: எந்த ஊர்?

பெர்கிஷெஸ் லாண்ட். சோலிங்கனின் கிரேஃப்ராத், ரெம்ஷைடின் லென்னெப் இரண்டிலும் தெருத்தெருவாகப் பார்க்கலாம். கல்லுக்குப் பின்னால் இருப்பதும் மரச்சட்டம்தான். ஸ்லேட் விரிசலைக் கவனியாமல் விட்டால் பின்னால் பலகை அழுகும், வெளியே தெரியாது. உடைந்த கல்லை அன்றே மாற்றுங்கள்.

உம்கெபிண்டெ வீடு என்றால்?

ஓபர்லவுசிட்ஸில், செக், போலந்து எல்லையை ஒட்டி இருக்கும் தனி இனம். கீழே கட்டை அடுக்கிய கதகதப்பான அறை. அதற்கு வெளியே, அதைத் தொடாமல், தூணும் வளைவு முட்டுமாக ஒரு சட்டம் மேல்மாடியைத் தாங்கும். தறி அதிர்வு மேலே போகாமலிருக்க நெசவாளர்கள் கண்டுபிடித்தது என்று சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கிறது. மரத்தின் குணமே போதுமான விளக்கம்: படுக்கவைத்த கட்டை காயக் காய உயரத்தில் சுருங்கும், நிறுத்திய தூண் நீளத்தில் சுருங்காது. இரண்டையும் பிரித்துவிட்டால் கீழறை தன்பாட்டுக்கு அமிழலாம். அதனால் கீழறை ஜன்னல் நிலைக்கு மேலே இடைவெளி விட்டு, பலகையால் மறைத்திருப்பார்கள். அதில் நுரை அடைத்தால் சுவர் அமிழ்ந்து நிலையை நசுக்கும்.

வடக்கு வீடுகளின் முகட்டில் குதிரைத்தலை, ஓட்டை, கைப்பிடியில்லாத கதவு, இவை என்ன?

குதிரைத்தலை, முகட்டில் குறுக்கிடும் காற்றுப்பலகையின் நுனி. பலகையின் வேலை நாணல் விளிம்பைக் காற்று கிளப்பாமல் பிடிப்பது. ஓட்டை ‘ஊலன்லோக்’, ஆந்தைத் துளை: புகை வெளியே, எலி பிடிக்க ஆந்தை உள்ளே. ஹாம்பர்க் அருகே ஆல்டெஸ் லாண்டில் குதிரைக்குப் பதில் அன்னம். செங்கல்லைக் கோலம் போல அடுக்கிய முகப்பில் காற்றாலை உருவமும் உண்டு. அங்கேதான் வெளியே கைப்பிடி இல்லாத ‘மணப்பெண் கதவு’ இருக்கிறது. மணமகள் முதன்முறை நுழைய, இறந்தவர் கடைசியாக வெளியேற என்பது வழக்கு. நெருப்பு பிடித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் அதே வழி. ஸில்ட், ஃபோர் தீவுகளில் வாசலுக்கு மேல் நிற்கும் கூர்முகப்பும் தீயை நினைத்ததுதான்: எரியும் நாணல் சரிந்து வாசலை மூடாமல் இருபக்கமும் விழும்.

ஜன்னலை மாற்ற அனுமதி வேண்டுமா?

பாதுகாக்கப்பட்ட வீடு என்றால் வேண்டும். 16 மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டம். வட்டாரத்தின் நினைவுச்சின்னப் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேலை தொடங்குமுன் ஒப்புதல் வாங்கினால், சொந்தமாகக் குடியிருப்பவர் ஏற்கப்பட்ட செலவில் ஆண்டுக்கு 9 சதவீதம் வீதம் 10 ஆண்டு வருமான வரிக்கணக்கில் கழிக்கலாம். முடித்துவிட்டுக் கேட்டால் கிடைக்காது.

வெளிச்சுவரில் தெர்மாகோல் ஒட்டலாமா?

மரச்சட்டத்தின்மேல் ஒட்டவே கூடாது. கல் சுவராயிருந்தாலும் 14 செ.மீ. கனம் ஏறினால் ஜன்னல் குழிக்குள் போய்விடும். கோட்டைச் சுவரில் துப்பாக்கி நீட்டும் ஓட்டை என்று ஜெர்மானியர்களே கேலி செய்வார்கள். கல் நிலைச்சட்டம் மறையும், ஷட்டர் கீல் எட்டாது, இறவாரமும் குட்டையாகிவிடும். முதலில் பரண் தரைக்கு மரநார்ப் பலகை விரியுங்கள். செலவு குறைவு, முகப்பையும் தொட வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் போதாவிட்டால் உட்பக்கம் 4 முதல் 6 செ.மீ. மரநார்ப் பலகையைக் களிமண் சாந்தில், இடையே காற்றிடைவெளி இல்லாமல் பதித்து ஒட்டலாம்.